மல்லாக்கப் பறந்த சக்கரவர்த்தி

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து இதை உறுதி கூறுகிறேன். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவர் முன்பு என்னிடம் பம்பு வாங்கியவராகத்தான் இருப்பார். கோயமுத்தூரிலிருந்து கொண்டுபோய் மூன்று மாநிலத்துக்கும் நீர்மூழ்கி மோட்டார் விற்றவன் நான். தண்ணீரே இல்லாத கிணறுகளுக்கும் விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் இன்றும் என்னைப் புகழ்கிறார்கள், தாகத்தோடு.

ஜனவரியில் கம்பெனி எனக்குச் சந்தன மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. மறுநாளே என் போன் ஊமையாகிவிட்டது. கடன் வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண்குரல் மட்டும் தவறாமல் நலம் விசாரிக்கிறது. ஆகவே பூமியைத் துறந்து வானத்துக்கு மாறினேன்.

அன்னூர் ரோட்டில் யாரும் வீடு கட்டாத லே-அவுட் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் போட்ட தார்ரோடுதான் எங்கள் ஓடுதளம். ஞாயிறு காலைகளில் ரிமோட் விமானம் விடும் சங்கத்தினர் அங்கே கூடுகிறோம். ரோட்டோரம் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக்கோடு. கோட்டின்மேல் ரிமோட்டோடு நிற்பவன் விமானி. கோட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மிக்சர் தின்பவன் பார்வையாளன். மனிதகுலம் மொத்தமும் இந்த இரண்டு வகைதான். நான் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

செயலாளர் ஒரு பல் டாக்டர். பெயர் தனசேகர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவருக்கு ஞாயிறன்று மட்டும் வானத்தைப் பார்க்க ஆசை. ‘ரிமோட்’ என்றால் அவருக்குக் கோபம் வரும். ‘டிரான்ஸ்மிட்டர்’ என்று சொல்ல வேண்டுமாம். இன்று அவர் தன் விமானத்தை ரோல் செய்துகாட்டினார். நேராகப் போகிற விமானம், படுக்கையில் புரள்கிற ஆள்போல, ஒரு முழுச் சுற்றுப் புரண்டு மறுபடி நேராகப் போகிறது. இவ்வளவுதான் விஷயம். கரப்பான்பூச்சி தினமும் செய்கிறது, அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. இவருக்குத் தட்டினார்கள்.

அடுத்த வாரம் நானும் செய்வேன் என்று அறிவித்தேன். என் அக்கா மகள் மிதுனா சிரித்தாள். டிரோன் கம்பெனியில் வேலை, சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு. என்னை இங்கே சேர்த்துவிட்டவளும் அவளே. அந்த நன்றிக்காக அவளை இன்னும் மருமகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

“மாமா, நேரா எறக்கறதுக்கே உங்களுக்கு இன்னும் ரோடு பத்தல.”

“ரோடு தரையில போறவனுக்கு அம்மிணி. எனக்கெதுக்கு?”

நவம்பர் 10, ஞாயிறு

என் விமானத்தின் பெயர் ககன சக்கரவர்த்தி. பொறாமைக்காரர்கள் அதைத் தெர்மாகோல் என்பார்கள். மேலும் கீழும் ஓரங்குலம் விடாமல் தங்க நிற ஸ்பிரே அடித்திருக்கிறேன். அது எழும்பும்போது கோயமுத்தூர் நகைக்கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு அழுவதாகக் கேள்வி.

மிதுனா பாடம் நடத்தினாள். “மூக்கைச் சித்த தூக்குங்க. அப்பறம் ரிமோட்டுல இருக்கற குச்சியை ஒரு பக்கமா முழுசாத் தள்ளுங்க. ப்ளேன் தலைகீழானதும் குச்சியை முன்னால அமுக்கோணும். இழுத்தீங்கன்னா தரைக்குப் போயிரும். தலைகீழா இருக்கறப்ப எல்லாமே தலைகீழ்தான் மாமா. ரெண்டு தப்புக்கு எடம் இருக்கற ஒசரத்துல செய்யுங்க.”

“அதென்ன ரெண்டு தப்பு?”

“மொதத் தப்பு நீங்க பண்றது. ரெண்டாவது, அதைச் சரி பண்றேன்னு நீங்க பண்றது.”

நேற்றுவரை என் மடியில் மூக்கு ஒழுகியவள். கேட்டுக்கொண்டேன். மேலே கொண்டுபோனேன், புரட்டினேன். அந்தக் கணத்தில் சக்கரவர்த்தி மல்லாந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. இழுத்தேன். சக்கரவர்த்தி பூமாதேவியை முத்தமிட்டது. மயில்கள் சிரித்தன. இந்த லே-அவுட்டில் மயில்களுக்கு மனை இலவசம், மரியாதை மட்டும் கிடையாது.

சங்கத்தில் ஒரு வழக்கம். விமானத்தைத் தரையில் குத்தியவன் அடுத்த வாரம் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வர வேண்டும். வாங்கி வரும்வரை அவனை யாரும் கேலி செய்யக்கூடாது. பன்னைத் தின்றபிறகு செய்யலாம். நாகரிகம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்.

நவம்பர் 11

ஒட்டினேன். பசை என் விரலையும் காபி டம்ளரையும் ஆயுள் நண்பர்களாக்கியது. என் மனைவி வசந்தாமணி வெந்நீர் ஊற்றிப் பிரித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இலங்கையை எரித்ததுகூட இவ்வளவு சத்தம் போட்டிருக்காது.

நவம்பர் 13

மிதுனா லேப்டாப்பில் பயிற்சி விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். திரைக்குள் பொம்மை வானம், பொம்மை விமானம், நிஜ ரிமோட். இடப்பக்கம் ரோல், வலப்பக்கம் ரோல், கண்ட பக்கமெல்லாம் ரோல். ஒன்றுகூடத் தவறவில்லை. அமெரிக்க விமானப்படை போன் செய்தது. நான் எடுக்கவில்லை.

“கையி அருமையாப் பேசுது மாமா. ஆனா எதுக்கு ஸ்கிரீனை மோந்து பாக்கறீங்க?”

மேதைகள் தொழிலோடு நெருக்கமாக இருப்பார்கள் என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததற்கு முழுக் காரணம் சூரியன். இதை நீதிமன்றத்திலும் சொல்வேன்.

பன் விநியோகம் முடிந்து, கேலியும் முடிந்து, சக்கரவர்த்தியை ஏற்றினேன். புரட்டினேன். சூரியன் பொறாமையில் வானம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சக்கரவர்த்தியைக் காணவில்லை. எங்கே போனாலும் ராஜாவாகத்தானே வரும் என்று நின்றேன். வந்தது. இவ்வளவு பெரிய லே-அவுட்டில், இவ்வளவு மனைகள் காலியாகக் கிடக்க, பல் டாக்டரின் புதுக் காரின் முன்கண்ணாடியில் குடியேறியது. காருக்குப் பக்கத்தில் அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். ஒரு தங்க இறக்கை அவர் மடியில் போய் விழுந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாருதுங்க?” என்று கேட்டார். அருமையான பெண்மணி. அந்த டாக்டருக்கு அதிகம்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். ஆஸ்பத்திரிக் குரலில் பேசினார்.

“மிஸ்டர் சென்னியப்பன், காணும் பொங்கலன்னிக்கு நம்ம வருஷக் கூடுகை. எல்லார் முன்னாலயும் இடப்பக்கம் ஒரு ரோல், வலப்பக்கம் ஒரு ரோல். ஒசரம் எறங்கக்கூடாது. மிதுனா பாத்துச் சொல்லட்டும். செஞ்சீங்கன்னா பேட்ஜ் தர்றோம், கோட்டுல நில்லுங்க. இல்லீன்னா இனிமே நாற்காலிதான்.”

நான் சிரித்தேன். மனைக்கற்கள் அதிர்ந்தன. நாற்காலியாம்! மிக்சராம்! அந்தக் கோட்டில் நிற்கும்போதுதான் ‘சார், காத்து எப்படி சார் இருக்குது’ என்று என்னிடம் யாராவது எதையாவது கேட்கிறார்கள். அதைப் பிடுங்கப் பார்க்கிறார்.

மதியச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் ஏதோ கோளாறு.

நவம்பர் 21

பத்திரிகைக்காரர்கள் காகிதத்தை மிச்சப்படுத்த எழுத்தை எறும்பு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரனோ சர்க்கரையையும் உப்பையும் ஒரே மாதிரித் தயாரிக்கிறான். இன்று டீயைக் குடித்தபிறகுதான் தெரிந்தது. வசந்தாமணி, “இனி காரை நானே ஓட்டறனுங்க” என்றாள். லைசென்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருந்தவளுக்குத் திடீரென்று ஆடம்பரம். நேற்று நான் ஒரு பஸ்ஸின் கண்ணாடியைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனதைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

சாவியைக் கொடுத்தேன். பெரிய மனிதர்கள் டிரைவர் வைத்துக்கொள்வது வழக்கம்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

சக்கரவர்த்திக்குப் புது இறக்கை. பறக்கவிட்டேன். வானத்தில் இரண்டு சக்கரவர்த்திகள் தெரிந்தன. பல் டாக்டர் என் தங்க நிறத்தைக் காப்பியடித்து இன்னொன்றை ஏற்றிவிட்டார் என்று நினைத்து, “யாரது என் பக்கத்துல?” என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேலே என்னுடையது மட்டும்தான் இருந்ததாம்.

எதை நம்புவது என்று யோசித்து, இடது பக்கத்தில் இருந்ததை ஓட்டினேன். அது தவறான சக்கரவர்த்தி. தேங்காய் பன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பேக்கரிக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். வாராவாரம் வீட்டில் விசேஷமா என்று கேட்டார்.

மிதுனாவோடு சண்டை. சங்கத்தில் எல்லோரும் விமானத்தின் அடிப்பக்கம் வேறு நிறம் அடிக்கிறார்களாம். மேலே இருக்கும்போது எந்த நிறம் தெரிகிறதோ, அதை வைத்து விமானம் நேரா தலைகீழா என்று கண்டுபிடிப்பார்களாம். “நீங்க ரெண்டு பக்கமும் தங்கமா அடிச்சு வெச்சிருக்கீங்க. ப்ளேனுக்கே தெரியாது மாமா, எது வயிறு எது முதுகுன்னு.”

தங்கத்தேருக்கு அடியில் வேறு பெயிண்ட் அடித்தவன் உண்டா என்று கேட்டேன். தங்கத்தேர் குட்டிக்கரணம் போடாது என்றாள். இந்தத் தலைமுறைக்கு எதற்கும் பதில் இருக்கிறது, பணிவுதான் இல்லை.

டிசம்பர் 4

படுபாவி. நான் குளிக்கப் போயிருந்தபோது வசந்தாமணி சக்கரவர்த்தியின் இறக்கைக்கு அடியில் அகலமான ரோஸ் டேப்பை வரிவரியாக ஒட்டிவிட்டாள். பஞ்சுமிட்டாய் ரோஸ். சக்கரவர்த்திக்குப் பாவாடை கட்டியிருக்கிறாள்.

உரித்தால் தங்கமும் சேர்ந்து வருகிறது. விட்டுவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். அதாவது என் வழக்கப்படி.

வசந்தாமணி எப்போதும் காரில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். வானத்தை ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். சக்கரவர்த்தியை ஏற்றினேன், புரட்டினேன். வழக்கம்போல் தத்துவச் சிக்கல். கட்டைவிரல் இழுக்கப் போனது. பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“ஏனுங்க! மல்லாக்கக் கெடக்குதுங்க! அமுக்குங்க!”

அமுக்கினேன்.

“அப்படியே... அப்படியே... இப்பக் குப்புற வந்துருச்சு. உடுங்க!”

விட்டேன். சக்கரவர்த்தி எதுவுமே நடக்காததுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு ரோல். கைதட்டல் கேட்டது. மயில்கள் வெட்கத்தில் தோகையைச் சுருட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குக் குடிபெயர்ந்தன.

நான் எப்படியும் அமுக்கத்தான் போனேன் என்பதைப் பதிவு செய்கிறேன். உலக விமானிகள் ‘இன்வர்டெட்’ என்று சொல்வதை என் மனைவி ‘மல்லாக்க’ என்கிறாள். நேராகப் பறந்தால் ‘குப்புற’. கைக்குழந்தை புரள்கிற கணக்கு. ஏரோநாட்டிக்ஸ் எங்கே, இவள் எங்கே!

மிதுனா விமானத்தைப் பார்க்கவில்லை. தன் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 9

“எத்தன நாளாக் கண்ணு இப்படி இருக்குதுங்க?” என்று வசந்தாமணி கேட்டாள்.

வெங்காயம் உரிக்கிறவள் கண்ணைப் பற்றிப் பேசுகிறாள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 12

கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டர். கண்ணில் டார்ச் அடிப்பதற்கு ஆறு வருடம் படித்திருக்கிறார். எங்கள் வீதிக் கூர்க்கா படிக்காமலே அடிக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்றார்.

“மயக்கம் குடுப்பீங்கள்ல?”

“தேவையில்லைங்க. கண்ணு மரத்துப்போக மருந்து உடுவோம். முழிச்சுட்டே இருப்பீங்க.”

ஆளை முழிக்கவைத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கண்ணையே கிழிப்பார்களாம். மாம்பழத்தை நறுக்கும்போதுகூட மாம்பழம் பார்ப்பதில்லை. எனக்கு இதில் பயம் ஒன்றுமில்லை. வெளியே போகும் அவசரத்தில் வாசல் என்று நினைத்து மருந்து அலமாரியைத் திறந்தது அந்த அலமாரியின் கோளாறு.

ஆபரேஷன் செய்தால் பல வாரம் தூசிக்கும் வெயிலுக்கும் போகக்கூடாதாம். அப்புறம் காணும் பொங்கல் எப்படி? கோடு எப்படி? பொங்கல் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டு வாசல்வரை வசந்தாமணிதான் ஓட்டினாள். காரை நிறுத்தியபிறகு சொன்னாள். “சரி, பொங்கல் முடியட்டும். ஆனா நானு பக்கத்துல நிப்பேன். எறக்குங்கன்னா எறக்கோணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது. சம்மதம்னா சொல்லுங்க. இல்லீன்னா இப்பவே மிதுனாவுக்குப் போன் பண்றேன்.”

ஒரு சாம்ராஜ்யம் இப்படித்தான் விழுகிறது. சம்மதித்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோட்டில் நிற்கும் விமானிக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்று சங்க விதி இருக்கிறது. வேறு விமானம் குறுக்கே வந்தால் எச்சரிப்பதற்கு. அந்தப் பதவியில் வசந்தாமணியை நியமித்தேன். முதல் நாளே அதிகாரியைவிடச் சத்தமாகப் பேசினாள்.

“இருங்க இருங்க, இன்னும் மல்லாக்கப் போகல, அதுக்குள்ள எதுக்கு அமுக்கறீங்க?”

“நீ லேட்டாச் சொல்றே!”

“நானு சொன்னது சரியான நேரந்தான். நீங்கதான் முன்கோபி. கையும் அப்படியேதான் இருக்குது.”

பக்கத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் விமானங்களை இறக்கிவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். தேங்காய் பன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மழை. மைதானம் சேறு. வீட்டு ஹாலில் பயிற்சி. வசந்தாமணி சக்கரவர்த்தியைக் கையில் தூக்கிக்கொண்டு சோபாவிலிருந்து டிவிவரை நடக்க வேண்டும். நடந்தபடியே விமானத்தைப் புரட்ட வேண்டும். புரட்டும்போது சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு, அணைத்துவைத்த ரிமோட்டில் அதற்குத் தகுந்தபடி குச்சியைத் தள்ள வேண்டும். என் விரலை அவள் கவனிப்பாள்.

“சாயுது... சாயுது... மல்லாக்க!”

அமுக்கினேன்.

“சபாசு. குப்புற!”

விட்டேன்.

மேல்வீட்டு அம்மாள் தயிர் வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவர் தங்க விமானத்தோடு ஊர்வலம் போகிறார், இன்னொருவர் கண்மூடி நிற்கிறார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தயிர் வாங்கவில்லை.

வசந்தாமணி சோபாவில் விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. பம்பு விற்கப் போன ஊர்களில் எல்லாம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

கேலிக்குரிய விஷயம். இத்தோடு நிறுத்துகிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கம் சுத்தம். பன் இல்லை. பேக்கரிக்காரர் பாவம்.

ஜனவரி 5, ஞாயிறு

பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “பக்கத்துல நிக்கறவங்க வேற ப்ளேன் வந்தா மட்டும்தான் சொல்லலாம். ஓட்டறதுக்குச் சொல்லித் தரக்கூடாது” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வசந்தாமணி முந்தினாள். “நானு எதுக்குங்க சொல்லித் தர்றேன்? எம்புருசன் பக்கத்துல நின்னு என்ற பாட்டுக்குப் பொலம்புவேன். கல்யாணமான நாள்லருந்து பொலம்பிட்டுத்தான் இருக்கறேன். அதுக்கும் சங்கத்துல ரூல் போட்டிருக்கீங்களா?”

டாக்டரின் மனைவி நாற்காலியிலிருந்து, “போடச் சொல்லுங்க பாப்போம்” என்றார். டாக்டர் தன் விமானத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

நாளைக்கு. பயமா? யாருக்கு? நன்றாகத் தூங்குவேன். வசந்தாமணிதான் பாவம், நான் புரள்வதைப் பார்த்துக்கொண்டு முழித்திருப்பாள்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

லே-அவுட்டில் ஒரு லட்சம் பேர். சரி, அறுபது பேர் இருக்கலாம். ஒறம்பறைச் சொந்தங்கள், குழந்தைகள், கரும்பு, ஐஸ் வண்டி. கோட்டுக்கு வலப்பக்கம் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப்பக்கம் குழந்தைகளை நிறுத்தியிருந்தார்கள். மிதுனா கையில் கொடியோடு நின்றாள். பாதுகாப்பு அதிகாரி முகத்தைப் போட்டுக்கொண்டு, என்னைத் தெரியாதவள்போல் தலையாட்டினாள்.

ஏற்றினேன். தங்கம் எழும்பியது. அதற்குமேல் எனக்கு ஒரு மினுக்கு மட்டும்தான். மீதியை எல்லாம் என் காதில் அவள் சொன்னாள். “நம்ம முன்னால வருது. நேராத்தான் இருக்குது. இப்ப.” இடப்பக்கம் தள்ளினேன். “சாயுது, மல்லாக்க.” அமுக்கினேன். “குப்புற.” விட்டேன். கைதட்டல். மிதுனா கொடியை ஒருமுறை உயர்த்தினாள். பாதி சாம்ராஜ்யம் திரும்பி வந்தது.

விமானத்தைத் திருப்பி மறுபடி கொண்டுவந்தேன். வலப்பக்க ரோல். குச்சியைத் தள்ளிய அதே நொடியில் பக்கத்து ஊர்ப் பொங்கல் விளையாட்டுக்காரர்கள் அன்னூர் ரோட்டில் ஊர்வலமாக வந்து ஜமாப் மேளம் அடித்தார்கள். அப்படி ஒரு அடி. வசந்தாமணி கத்தியிருக்கிறாள். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. வானத்தில் மினுக்குகூட இல்லை. வெள்ளை.

அப்போது என் முதுகில் ஒரு கட்டைவிரல் ஊன்றியது. முதுகெலும்புக்குப் பக்கத்தில், வெங்காயத்தின் காம்பை அழுத்துகிற மாதிரி. இத்தனை வருடத்தில் நாலு பேர் எதிரில் அவள் என் சட்டையைக்கூடத் தொட்டதில்லை.

அமுக்கினேன். விரல் எடுக்கும்வரை அமுக்கினேன். எடுத்ததும் விட்டேன்.

பிறகு நடந்தது: கைதட்டலில் நீலகிரி இரண்டடி நகர்ந்தது. ஜமாப்காரர்கள் எனக்காக ஒரு சுற்று அடித்தார்கள். ஐஸ்காரர் கண்ணீர்விட்டார். பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரிய, எல்லாம் அவருடையதா என்று தெரியாது, என் சட்டையில் பேட்ஜைக் குத்தினார். “கோடு உங்களுதுதான் சார்.” சார் என்றார். நானும் அவரை மன்னித்து, ‘டிரான்ஸ்மிட்டர்’ என்று ஒருமுறை சொல்லிவைத்தேன்.

மிதுனா கைதட்டவில்லை. கூட்டம் சாப்பிடப் போனபிறகு கார்ப்பக்கம் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“மாமா, ரெண்டாவது ரோல்ல ப்ளேன் இக்கட்ட, வலப்பக்கமா வந்துட்டிருந்துச்சு. உங்க தலை அக்கட்டப் பாத்துட்டிருந்துச்சு.”

மேதைகள் என்று தொடங்கினேன்.

“மாமா. கயித்துக்கு அந்தப்பக்கம் புள்ளைக நின்னுச்சு.” கையிலிருந்த கொடியைச் சுருட்டினாள். “ரெண்டாவது தடவை கொடியத் தூக்குனதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. நாந்தான் பாஸ் பண்ணிவிட்டேன். ஏதாச்சும் ஆகியிருந்தா?”

வசந்தாமணி, “தப்பு என்னுது கண்ணு, நாந்தான் ஒத்துக்கிட்டேன்” என்றாள். அவள் கையைப் பார்த்தேன். கார்க் கதவில் சாவியைத் தலைகீழாக நுழைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை நம்பித்தான் நான் நின்றிருக்கிறேன். அந்தக் கை எதை நம்பி நின்றதோ!

என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. முப்பது வருடம் அதில்தான் சோறு தின்றேன். தேடினேன். சூரியன், ஜமாப், காற்று, டாக்டர். எதுவும் அந்தக் கயிற்றைத் தாண்டவில்லை. பேட்ஜைக் கழற்றி மிதுனாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

“எந்தக் கண்ணு மாமா?”

“ரெண்டும். எடது கொஞ்சம் எச்சு.”

“எப்ப ஆபரேசன்?”

“அவனுக எப்பக் கூப்புடறானுகளோ அப்ப.”

“திங்கக்கெழமை கூப்புட்டிருக்கறாங்க” என்றாள் வசந்தாமணி.

ஜனவரி 19, ஞாயிறு

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மிக்சரும் தின்றேன். அதில் கடலையே இல்லை. வருகிறவர்கள் பேட்ஜ் எங்கே என்று கேட்டார்கள். தங்க முலாம் பூசக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பல் டாக்டர் மூன்று ரோல் செய்தார், மூன்றும் மட்டமாக இருந்ததாக வசந்தாமணி சொன்னாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். கோட்டில் எனக்குப் பதிலாக ஒரு ஐ.டி. பையன் நின்றான். பார்த்தவரை லாயக்கில்லை. அதாவது, பார்த்தவரை.

நாளைக் காலை ஆஸ்பத்திரி. அவர்கள் முழிக்கவைத்துக் கிழிக்கட்டும். வசந்தாமணியை உள்ளே விடமாட்டார்களாம். கேட்டுப் பார்த்தேன். எனக்காக இல்லை, அவளுக்குப் பொழுதுபோகட்டும் என்றுதான்.

இதுவரை எழுதியதில் மயில்கள் பாலக்காடு போனதையும், நீலகிரி நகர்ந்ததையும், அமெரிக்க விமானப்படையையும் படிக்கிறவர் விருப்பப்படி கழித்துக்கொள்ளலாம். பேரம் பேசமாட்டேன். ஒரே ஒரு சின்ன இடத்தை மட்டும் தொடவேண்டாம், அது நிஜம். அந்த இரண்டாவது ரோலில் வானமும் இல்லை, சக்கரவர்த்தியும் இல்லை, நானும் பெரிதாக ஒன்றும் இல்லை. முதுகில் ஒரு விரல் இருந்தது.